மாமா சோழியைக் கேட்ட நாள்

நேற்று சர்க்கரை ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரை நீங்கள் எல்லாரும் சேர்ந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள். பாவம் அந்தப் பையன். புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம், விருப்பம் உள்ளவர்கள் சேரலாம், பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தே இல்லாத மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிற எங்களுக்கே தெரியாது என்று பொறுமையாகத்தான் சொன்னான். உடனே நீங்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! ஊரை ஏமாற்றுகிற வேலை என்றீர்கள். வயசாகிவிட்டால் நாங்கள் என்ன எலியா என்றீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு என்ன வந்தது, நீ ஏன் ஊமையாக உட்கார்ந்திருந்தாய் என்று வழியெல்லாம் என்னைக் குடைந்தீர்கள்.

சொல்கிறேன். அந்த மாத்திரை விவகாரம் எனக்குப் புதிது இல்லை. யுத்த காலத்தில், நம் தூத்துக்குடியில் விளக்குக்கெல்லாம் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்த வருஷத்தில், அப்படி ஒரு சோதனையில் நான் ஒரு பாதியாக இருந்தேன். இன்னொரு பாதி என் தங்கை.

அந்தக் கறுப்புக் காகிதம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஜப்பான்காரன் கப்பல் வருகிறான், விமானம் வருகிறது என்று ஊரையே இருட்டாக்கி வைத்திருந்தார்கள். மோட்டார் விளக்கில் பாதிக்குக் கறுப்பு மை. கடைத்தெருவில் பொழுது சாய்ந்தால் பலகையைப் போட்டுவிடுவார்கள். அப்பா ஆத்தூரிலிருந்து வெற்றிலை வரவழைத்து விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எப்போதும் ஈரத் துணியும் வெற்றிலைக் காரமும் கலந்த ஒரு வாசனை இருக்கும். கப்பல் போக்குவரத்து படுத்துவிட்டதால் வியாபாரமும் படுத்துவிட்டது. தீவனம் கிடைக்காமல் பால்மாட்டை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ரேஷன் அரிசியில் ஒரு முடை நாற்றம் அடிக்கும். அதைத் தின்று எனக்கும் தங்கைக்கும் வயிறு கெட்டுப் போனது. வந்து பார்த்த வைத்தியர், கீரை கிழங்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், கஞ்சியும் ரசமும் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வயிறு சரியான பிறகும் எங்களுக்குக் கஞ்சியும் ரசமும்தான். மீன் கறி எல்லாம் எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் கிடையாது. நாங்கள் சுத்த சைவம்.

முதலில் தடுமாறியது தங்கைதான். பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா தட்டை வைத்தால் அவள் தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் துழாவுவாள். அம்மா மண்டையில் ஒரு குட்டு வைப்பாள். அப்புறம் எனக்கும் வந்தது. பகலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். மாதா கோயில் மணி அடிக்கிற அந்திப் பொழுதானால் யாரோ கண்ணுக்கு முன்னால் கோணிச் சாக்கைத் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும். முற்றத்துத் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டு நான் அழுதால் தங்கை சிரிப்பாள். அவள் வாசற்படியில் விழுந்தால் நான் சிரிப்பேன். அது ஒரு கேடு என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

எதனால் இப்படி என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

“ஊரே இருட்டாக் கெடக்கு. இதுல பிள்ளைகளுக்குக் கண்ணு தெரியலன்னு அதிசயமாச் சொல்லுதா இவ.”

அம்மாவுக்கும் சந்தேகம் இல்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். வைத்தியருக்கும் சந்தேகம் இல்லை. தலையில் உஷ்ணம் ஏறியிருக்கிறது, நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் விடுங்கள் என்றார். ஆளுக்கு ஒரு காரணம். ஒருத்தருக்காவது ஒரு சின்ன சந்தேகம் வந்திருக்கலாமே! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சந்தேகப்பட்டது என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. காலேஜில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷக் கலவரத்தில் காலேஜை இழுத்து மூடிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், பெரிய காது. வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்: “எப்படித் தெரியும்?” அப்பாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

“அத்தான், இருட்டுனாலதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியும்னா? தெரியும்ல! இருட்டுல கண்ணு தெரியாதுங்கதுக்கு நீ படிச்சிட்டு வந்து சொல்லணுமாக்கும்!”

மாமா சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் பொழுது சாயும்போது எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனார். அங்கே மீன்பிடிக்காரர்களின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா மடியிலிருந்து வெள்ளைச் சிப்பிகளை எடுத்து மணலில் வீசினார். எங்களையும் அவர்களையும் பொறுக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் கோழி தானியம் கொத்துகிற மாதிரி சடசடவென்று பொறுக்கிவிட்டார்கள். நானும் தங்கையும் முட்டிபோட்டு மணலைத் தடவிக்கொண்டிருந்தோம்.

“அவங்களுக்கும் இதே இருட்டுதானே. அப்ப இருட்டு இல்ல. ஒண்ணு செத்துது” என்றார் மாமா.

அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு காரணம் பொய் என்று ஆகிவிட்டால், ஒண்ணு செத்துது என்பார். தன்னுடைய யோசனையே பொய்த்துப் போனாலும் அதே சந்தோஷம். அப்படி ஒரு மனுஷனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாம் எல்லாரும் நம் யோசனையை எவனாவது தொட்டுவிட்டால் சண்டைக்குப் போகிறவர்கள் இல்லையா!

அடுத்தது நந்தியாவட்டை. அம்மா பூவைக் கசக்கிக்கொண்டு வந்தாள். மாமா தடுத்தார்.

“அக்கா, வலது கண்ணுக்கு மட்டும் விடு. இடது கண்ணு அப்படியே இருக்கட்டும்.”

“ஒத்தக் கண்ணுக்கு மருந்து விடுத வைத்தியம் எந்த ஊர்லலே இருக்கு?”

“ரெண்டு கண்ணுலயும் விட்டு ரெண்டும் சரியாச்சுன்னா, பூவால சரியாச்சா, தானாச் சரியாச்சான்னு எப்படித் தெரியும்? ஒண்ணுக்கு விடு, ஒண்ண விட்டுரு. அப்பத்தான ரெண்டையும் ஒத்துப் பாக்க முடியும்.”

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. ஆனால் தம்பி என்றால் அவளுக்கு உயிர். சரி என்றாள். தினமும் வலது கண்ணில் சில்லென்று பூச்சாறு விழும். அந்தியில் மாமா கொல்லை மணலில் சிப்பிகளை எறிந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பொறுக்கச் சொல்வார். பிறகு மறு கண். வலதிலும் தெரியவில்லை, இடதிலும் தெரியவில்லை. தங்கை தோற்க மாட்டாள். “அங்கன ஒண்ணு கெடக்கு மாமா, பாத்துட்டேன்!” என்று எங்கேயாவது கையைக் காட்டுவாள். மாமா சிரித்து அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அவள் என்றால் அவருக்கு ஒரு படி கூடுதல்தான். எனக்கு அது தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பூவும் செத்தது.

பிறகு மாமா திரேஸ்புரத்துக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார். நாங்களும் கூடவே போவோம். அங்கே ஓலைச்சாய்ப்பு ஒன்றில் ஒரு அம்மா பெரிய சட்டியில் சுறா ஈரலைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருப்பாள். அந்த எண்ணெயை வள்ளத்துக்கும் தோணிக்கும் பூசுவார்கள், மரம் உளுக்காது. முதல் தடவை அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் பிள்ளைகளோ வெந்த ஈரல் துண்டைச் சட்டியிலிருந்தே எடுத்து ஊதி ஊதித் தின்பார்கள்.

“அக்கா, உங்க பிள்ளைகளுக்கு அந்தியில கண்ணு நல்லாத் தெரியுதே, எதுனால?” என்று மாமா கேட்டார்.

“நல்லாக் கேட்டிய போங்க! கடக்காத்து தம்பி. மாதா புண்ணியம். வேற என்ன?” என்று சிரித்தாள் அவள்.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது பாருங்கள். கடல் காற்று எங்கள் தெருவுக்கும்தான் வருகிறது, அதனால் காற்று இல்லை என்றார் மாமா. சாமி? அதைச் சோதிக்க வழி இல்லை, ஓரமாக வைத்துவிடுவோம் என்றார். மிச்சம் இருந்தது ஈரல். சீமையிலிருந்து வருகிற மீன் எண்ணெய் உடம்புத் தேற்றத்துக்கு நல்லது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். கண்ணுக்கு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது மாமா வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“பூன்னா ஒரு கண்ணுல விட்டு ஒரு கண்ண விட்டுரலாம். எண்ணெய் வயித்துக்குள்ள போனா ரெண்டு கண்ணுக்கும் போயிருமே. அப்ப ரெண்டு கண்ணு போதாது. ரெண்டு ஆளு வேணும்.”

இரண்டு ஆள் அவர் இரண்டு கையிலும் தொங்கிக்கொண்டு நடந்தோம்.

மறுநாள் இரண்டு குப்பிகள் வந்தன. ஒன்றில் சுறா ஈரல் எண்ணெய். இன்னொன்றில் மத்தி எண்ணெய், அதாவது மீனின் சதையிலிருந்து எடுத்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே நாற்றம். ஈரலால்தான் குணமாகிறதா, எந்த மீன் எண்ணெயானாலும் சரியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ஈரல் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதில் வெள்ளை நூல். எது எது என்று மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் மருந்து என்றார். மீன் எண்ணெய் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் பிள்ளைகளின் கண் ஆயிற்றே. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, துவைக்கிற கல் பக்கத்தில் வைத்துக் கொடு, குடித்ததும் வாயைக் கொப்பளித்து உள்ளே வரட்டும் என்றாள். இரண்டு குப்பியும் ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாமாவும் திருத்தவில்லை.

யாருக்கு எது? அதற்குத்தான் சோழி. நாங்கள் பல்லாங்குழி ஆடுகிற டப்பாவிலிருந்து ஒரு பெரிய சோழியை எடுத்தார். பல் தெரிய நிமிர்ந்து விழுந்தால் பெரியவளுக்குச் சிவப்பு நூல். கவிழ்ந்தால் சின்னவளுக்குச் சிவப்பு நூல்.

“நீங்களே சொல்லுங்க மாமா, சோழி எதுக்கு?” என்று தங்கை சிணுங்கினாள்.

“நான் சொல்லப்படாதுளா. நான் சொன்னா மனசு ஒரு பக்கமாச் சாஞ்சிரும். சோழிக்கு மனசு கெடையாது.”

உருட்டினார். சோழி துவைகல்லில் கடகடவென்று ஓடி நின்றது. பல்லைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து கிடந்தது. சிவப்பு நூல் எனக்கு.

துருப்பிடித்த தகரத்தை நக்கின ருசி அதற்கு. நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். குடித்ததும் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. தங்கை தன் துண்டு சிறியது என்று ஒவ்வொரு நாளும் வழக்கு வைப்பாள். அந்தியானால் சிப்பி பொறுக்க வேண்டும். மாமா எண்ணி மனதுக்குள் வைத்துக்கொள்வார்.

கொஞ்ச நாளில் ஒரு அந்தி. நான் வழக்கம்போல மணலில் முட்டி போட்டிருந்தேன். கண்ணுக்கு முன்னால் தொங்குகிற சாக்கு அன்றைக்கு வரவில்லை. சிப்பிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. கொல்லை முருங்கையில் காக்கைகள் வந்து அடைந்தன, அது தெரிந்தது. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் திரும்பி வந்ததும் நான் பார்த்தது அதைத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சிப்பியை அவள் கைப்பக்கம் தள்ளிவிடப் போனேன்.

“தொடாத!” என்று மாமா அதட்டினார். “கணக்குக் கெட்டுப்போகும்.”

அன்று மாமா தூங்கியிருக்க மாட்டார். காலையில் முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. எனக்கு எண்ணெய் வேலை செய்துவிட்டது, அப்படியே சின்னவளுக்கும் கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்தானே? தோன்றியது. அவரே பிற்காலத்தில் சொன்னார். ஆனால் ஒரே ஒரு ஆளுக்குச் சரியாவது தற்செயலாகவும் இருக்கலாம். இன்னும் ஒரு வாரம் போகட்டும். எனக்குச் சரியாகவே இருந்து அவளுக்குச் சரியாகாமலே இருந்தால் குப்பிகளை மாற்றிவிடலாம். அவளுக்குச் சிவப்பு நூல், எனக்கு வெள்ளை நூல். அவளுக்கும் கண் திரும்பினால் அதற்கு மேல் யாரும் மறுத்துப் பேச முடியாது.

“அடுத்த வாரம் சிவப்பு நூலு உனக்கு. சரியா?” என்று அவளைத் தூக்கிக் கொஞ்சினார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் உடம்பெல்லாம் மணல் தூவின மாதிரி முத்து. மணல்வாரி அம்மை.

அம்மை கண்ட வீடு என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிக்கக் கூடாது, எண்ணெய் என்ற பேச்சே கூடாது, மருந்து கூடாது, வெளியாள் வரக் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள். மீன் வாடையோடு திரிகிற மாமா உள்ளே வரலாமா? அவரைக் கடையில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முந்தியே அம்மை போட்டு இறங்கியிருந்ததால் நான் தங்கை பக்கத்தில் இருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். வெளிச்சம் குத்துகிறது என்றாள். வேப்பிலைக் கொத்தால் வருடிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டு மாமா கொல்லைப்புற ஜன்னலுக்கு வந்தார். கையில் சிவப்பு நூல் குப்பி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அக்கா, இத ஒரு கரண்டி அவளுக்குக் குடுத்துரு. உன்னக் கும்பிடுதேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருக்காலே உனக்கு? ஆத்தா இருக்கா உள்ள. மீன் எண்ணெயத் தூக்கிட்டு வாரான்! இத்தன நாள் குடிச்சாள்ல, அது போதும்.”

“அவ குடிக்கல அக்கா.”

“என்ன?”

“அவளுக்குக் குடுத்தது மருந்து இல்ல. மத்தி எண்ணெய். பெரியவளுக்கு மட்டுந்தான் மருந்து குடுத்தேன்.”

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்லே?”

“ஒத்துப் பாக்கதுக்கு.”

“எம் பிள்ளைகள வச்சா பாத்த?”

மாமா குப்பியைக் கம்பிக்குள் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். கொடுக்கத்தான் போகிறாள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அம்மா கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு போய்த் துவைகல்லில் ஓங்கி அடித்தாள். சிவப்பு நூல் கட்டின கழுத்து மட்டும் உருண்டு முருங்கையடிக்குப் போனது. மாமா மண்டியிட்டுக் கல்லில் வழிந்ததைக் கையால் வழிக்கப் பார்த்தார். அப்பா வந்து அவரைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். மழை பெய்து கழுவும்வரை அந்தக் கல்லில் வாடை இருந்தது.

இன்னொரு குப்பி எண்ணெய் வாங்கத் தெரியாதவரா மாமா? வாங்கினார். ஆனால் அதற்குப் பிறகு கொல்லைக்கதவும் ஜன்னலும் திறக்கவே இல்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று அம்மா வேப்பிலை போட்ட வெந்நீரால் அவள் முகத்தைத் துடைத்தாள். இமை ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல நனைத்துப் பிரித்தாள். உள்ளே கறுப்பு இல்லை. நுங்குச் சுளை மாதிரி இரண்டு கண்ணும் வெளுத்துக் கலங்கிக் கிடந்தன. வெயில் ஏறின பகல் அது.

“இன்னும் விடியலயாம்மா?” என்று கேட்டாள் தங்கை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமாவும் பின்னாலேயே ஓடிவந்தார், யாரும் அவரைத் தடுக்கவில்லை. டாக்டர் பெரியவர், நிதானமானவர். இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே சத்துக் குறைந்திருந்த கண், அம்மையும் சேர்ந்ததில் கரைந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். மாமா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். இருட்டு, பூ, ஈரல், சிவப்பு நூல், வெள்ளை நூல், ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

“சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க தம்பி. ஆனா இது புதுசு இல்லையே. ஈரல் எண்ணெய், பால், கீரை, இதுல எது குடுத்தாலும் மாலைக்கண் தீரும்னு எங்க புத்தகத்துல என்னைக்கோ எழுதியாச்சு. ஒரு நடை வந்து என்னக் கேட்டிருந்தா சொல்லிருப்பேனே.”

மாமா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எல்லாரையும் எப்படித் தெரியும் என்று கேட்டவர், இது யாருக்காவது ஏற்கெனவே தெரியுமா என்று கேட்காமல் விட்டுவிட்டார்.

அம்மாதான் கேட்டாள். “கீரைன்னா… என்ன கீரைங்கய்யா?”

“எதுனாலும் சரிதாம்மா. முருங்கைக்கீரையா இருந்தாக்கூடப் போதும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போகவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் போய் நின்றாள். கிளை தழைத்துத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஆகாது என்று நிறுத்திய கீரையை அத்தனை நாளும் பக்கத்து வீட்டு ஆடு தின்றுகொண்டிருந்தது. அம்மா ஒரு கொத்தை ஒடித்து, பச்சையாகவே வாயில் போட்டு மென்றுகொண்டு, மார்பில் அடித்து அடித்து அழுதாள். அதற்குப் பிறகு அவள் சாகும்வரை எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை இல்லாத நாள் கிடையாது.

மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“மாமா, ஒரு வாரம் ஆயிட்டுல்லா? இன்னைக்கு எனக்குச் சிவப்பு நூலா?”

மாமா படியிறங்கிப் போனார்.

நீங்கள் எல்லாரும் இப்போது என் மாமாவைத் திட்டப் போகிறீர்கள். திட்டுங்கள். நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்று. அந்த வீட்டில் உண்மையைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அப்பாவின் இருட்டும் அம்மாவின் கண்ணேறும் வைத்தியரின் உஷ்ணமும் எங்கள் இருவரையுமே குருடாக்கியிருக்கும். எனக்குக் கண் இருப்பது அவரால்தான். என் தங்கைக்குக் கண் இல்லாததற்கும் அவர் காரணம்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள என் நெஞ்சில் இன்றுவரை இடம் போதவில்லை.

நேற்று நீங்கள் சத்தம் போட்டுவிட்டு வெளியேறிய பிறகு நான் அந்தச் சின்ன டாக்டரிடம் கேட்டேன். நடுவில் ஒரு பக்கத்து ஆட்களுக்கு நல்லது நடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வாய் தம்பி என்று.

“நிறுத்திருவோம் ஆச்சி. எல்லாருக்கும் நிஜ மாத்திரையக் குடுத்துருவோம். அதப் பாத்துக்கிட்டே இருக்கதுக்குன்னு வேற ஆளுங்க தனியா இருக்காங்க. உங்ககிட்டயும் எல்லாத்தையும் சொல்லி, நீங்க சம்மதிச்சாத்தான் ஆரம்பிப்போம்.”

மாமா பக்கத்தில் அப்படி நிறுத்து என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாயிரு என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சேரப் போகிறேன். நீங்கள் உங்கள் இஷ்டம்.

தங்கை ஒன்றும் மூலையில் உட்கார்ந்து போகவில்லை. அப்பாவுக்குப் பிறகு கடையை நடத்தியதே அவள்தான். வெற்றிலையைத் தடவிப் பார்த்தே இளசு, முற்றல், அழுகல் பிரித்து அடுக்கிவிடுவாள். வாய் மட்டும் அதே வாய். கல்லாவில் எவனாவது வாலாட்டினால் தொலைந்தான். மாமா படிப்பை முடித்து வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். காலையில் வந்தால் பொழுது சாய்வதற்குள் எழுந்துவிடுவார். அந்தி நேரத்தில் எங்கள் வீட்டில் அவர் இருந்ததே கிடையாது.

அவருக்கு எழுபது தாண்டியபின் ஒரு தடவை வந்திருந்தார். தங்கை கடையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் ஈரத் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய் ஓய்ந்தது. மாமா செருப்பைத் தேடினார்.

“மாமா, இருங்க. ஒண்ணு கேக்கணும்” என்றாள் தங்கை.

“கேளுளா.”

“அன்னைக்குச் சோழி இல்லாம நீங்களாச் சொல்லிருந்தா, சிவப்பு நூல யாருக்குக் குடுத்திருப்பிய?”

மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்லுங்கள் என்று தலையசைத்தேன். எனக்குத் தெரியாததா என்ன?

“உனக்குத்தான்” என்றார்.

“தெரியும். எனக்கு அன்னைக்கே தெரியும்.” அவள் கை வெற்றிலையை விட்டுவிட்டது. “பின்ன எதுக்கு மாமா போய்ச் சோழியக் கேட்டிய?”

“அதுனாலதாம்ளா” என்றார் மாமா.

தங்கை அவர் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மாதா கோயில் மணி அடித்தது. மாமா எழுந்துகொள்ளவில்லை. நான் விளக்குப் போட எழுந்தேன்.

“வேண்டாம், இருக்கட்டும்” என்றார்.